நாத்தனாருக்குக் கொடுத்த மாத்திரை

வசந்தாவும் அவள் நாத்தனார் தாயம்மாளும் ஒரே கூரைக்கடியில் இருந்தும் பேசிக்கொள்வதில்லை என்பது ஆவடி குவார்ட்டர்ஸில் அந்த வரிசை முழுக்கத் தெரியும். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் சுவரிடம் சொல்வார்கள். "சோறு ஆறிப்போவுது, சாப்புடுறவங்க சாப்புடலாம்" என்று வசந்தா அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். "பசி இல்ல" என்று தாயம்மாள் ஜன்னலுக்குப் பதில் சொல்வாள். உத்தமன் வீட்டில் இருந்தால் அவர் தலைதான் உருளும். பெண்டாட்டி சொன்னதை அக்காவுக்கும் அக்கா சொன்னதைப் பெண்டாட்டிக்கும் சொல்லிச் சொல்லி, ஃபாக்டரியில் வெல்டிங் அடிக்கிற நேரமே நிம்மதி என்று சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்தது ஒரு குழந்தையின் சாவு.

தாயம்மாள் கொரட்டூர்க்காரி. ஏரிக்குப் பக்கத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த காலத்தில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தம்பி இவள் கையில் மிஞ்சினான். அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டும் போல்ட்டும் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்தது. காலையில் பெஞ்சுக்கு முன்னால் நின்றால் சாயங்காலம் வரைக்கும் நிற்க வேண்டும். அப்படி நின்றே தம்பியை ஐ.டி.ஐ. படிக்க வைத்தாள். பெண் கேட்டு வந்தவர்களை "அவன் ஒரு வழிக்கு வரட்டும்" என்று திருப்பி அனுப்பினாள். தம்பிக்குச் சர்க்கார் ஃபாக்டரியில் வேலை கிடைத்தபோது, கேட்டு வருகிறவர்கள் யாரும் மிச்சம் இல்லை.

எழுபத்தொன்பதில் அரக்கோணம் பக்கத்திலிருந்து வசந்தாவைப் பார்த்துக் கட்டிவைத்ததும் தாயம்மாள்தான். வந்த புதிதில் வசந்தா வாய் நிறைய "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடுவாள். குழந்தை பிறந்தது. பரந்தாமன் என்று தன் அப்பாவின் பெயரையே வைத்தாள் தாயம்மாள். ஞாயிற்றுக்கிழமையானால் கொரட்டூரிலிருந்து ரயிலேறி வந்துவிடுவாள். வந்ததும் முதலில் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவாள்.

பிள்ளைக்கு ஒன்றரை வயது நடக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைக்கவில்லை. புதைத்துவிட்டு வந்து எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தபோது தாயம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள்.

"இவ கால வச்ச நேரம், எங்க வம்சமே அத்துப்போச்சு."

வசந்தா அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது அவளுக்கு நாத்தனார் என்று ஒருத்தி இல்லை. அதற்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் தங்கவும் இல்லை.

பத்து வருஷம் போயிருக்கும். தொண்ணூற்று மூன்றில் ஒருநாள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே தாயம்மாளுக்கு வாய் கோணிக்கொண்டது, வலது கை துவண்டது. லேசான பக்கவாதம் என்றார்கள். கை கால் மெதுவாகத் திரும்பிவிட்டது. ஆனால் இனி தனியாக விடக்கூடாது என்று உத்தமன் அக்காவைக் குவார்ட்டர்ஸுக்கே கூட்டி வந்துவிட்டார். வசந்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. கூடத்தில் ஒரு கட்டிலை இழுத்துப் போட்டு, துவைத்த போர்வையை விரித்து வைத்தாள்.

பக்கவாதத்துக்குப் பார்த்த டாக்டர் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார். ஆஸ்பிரின்தான். "ரத்தம் கட்டிக்காம இருக்கறதுக்கு. ஆயுசுக்கும் சாப்பிடணும், ஒருநாள்கூட விடக்கூடாது" என்று சொல்லியிருந்தார். தினம் காலையில் அக்கா இட்லி சாப்பிட்டு முடித்ததும் உத்தமன் டம்ளரில் அதைக் கரைத்து, அவள் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றுவிட்டு, அப்புறம்தான் சைக்கிளை எடுப்பார். தலைவலிக்கு ஊரே போட்டுக்கொள்கிற சமாசாரம்தானே என்று வசந்தா நினைத்துக்கொள்வாள். அதைப் பற்றி அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

தாயம்மாளைப் பாடாய்ப் படுத்தியது கை இல்லை, முழங்கால்தான். வருஷக்கணக்கில் பெஞ்சுக்கு முன்னால் நின்றதெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. மழைக்காலம் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். உட்கார்ந்தால் எழ முடியவில்லை. தம்பியிடமும் சொல்லவில்லை. ஏற்கெனவே பாரமாக வந்து உட்கார்ந்திருக்கிறோம், இதையும் சேர்த்துச் சொல்வானேன் என்று இருந்துவிட்டாள்.

ஒரு மத்தியானம் உத்தமன் வேலைக்குப் போயிருந்தார். பின்கட்டுக்குப் போன தாயம்மாள் வெகுநேரம் வரவில்லை. வாளி உருளும் சத்தம் கேட்டது. வசந்தா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு போய்க் கதவைத் தள்ளினாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாமல், குழாயைப் பிடித்துக்கொண்டு, ஈரப் புடவையோடு அழுதுகொண்டிருந்தாள் தாயம்மாள். சத்தம் வெளியே வராமல் இருக்க முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

வசந்தா அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். புடவை மாற்றிவிட்டாள். கட்டிலில் உட்காரவைத்தாள். அவளுக்கே தீராத இடுப்பு வலி உண்டு. பூந்தமல்லியில் ஒரு டாக்டர் அதற்குச் சிவப்பு மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார். போட்டால் ஒருமணி நேரத்தில் வலி விட்டுப்போகும். அலமாரியிலிருந்து அந்த அட்டையை எடுத்து வந்தாள். சுவரைப் பார்க்கவில்லை. நேராக முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"இந்தாங்க அண்ணி. ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் போடுங்க. வெறும் வயித்துல போடக் கூடாது."

தாயம்மாள் மாத்திரையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தாள். "உனுக்கு?"

"எனக்கு இருக்குது. போடுங்க."

அன்று சாயங்காலம் உத்தமன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தபோது, இரண்டு பேரும் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். "இன்னாடா மரம் மாதிரி நிக்கற? வசந்தா டீ போட்டுவச்சிகீறா, போய் எடுத்துக் குடி" என்றாள் அக்கா. அவர் டீயை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார், முகம் கழுவியிருந்தார்.

அதற்குப் பிறகு காலையில் வெள்ளை மாத்திரை தம்பி கையால், மத்தியானமும் ராத்திரியும் சிவப்பு மாத்திரை வசந்தா கையால் என்று ஆயிற்று. தாயம்மாள் நடக்க ஆரம்பித்தாள். முதலில் வாசல்வரை, பிறகு தெருமுனைவரை, பிறகு மார்க்கெட்டுக்கே பையோடு. அட்டை தீர்ந்தபோது வசந்தா காலி அட்டையை மருந்துக்கடையில் காட்டி இன்னொன்று வாங்கி வந்தாள். கடைக்காரர் யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பெருமையாகத்தான் சொல்லியிருப்பாள்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேருமாக வேனேறித் திருவேற்காட்டுக்குப் போனார்கள். கும்பிட்டுவிட்டுக் குளத்துப் பக்கம் உட்கார்ந்து தேங்காய் உடைத்துத் தின்றார்கள். திடீரென்று தாயம்மாள் சொன்னாள்.

"பரந்தாமன் மொதமொதல்ல எங்கிட்டதான் நடந்து வந்தான். நீ சமைச்சினு இருந்த. உனுக்குச் சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு சொல்லல. மறுநாளு உன்கிட்ட நடந்தான் பாரு, அத்தயே மொத தபான்னு நீ நெனச்சிகின."

பத்து வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். வசந்தா கையிலிருந்த தேங்காய்ச் சில்லைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு வாயில வந்தத சொல்லிட்டேன்டி. சொன்ன ஒடனே தெரிஞ்சுபோச்சு. அப்பால உன் மூஞ்சியப் பாக்கத் தெம்பு இல்ல. அதான் பேசல. கோவம்னா நெனச்ச?"

"ஆமா அண்ணி. உங்களுக்குத் திமிருன்னுதான் நெனச்சேன்."

"திமிரு இன்னா திமிரு. பயம்" என்றாள் தாயம்மாள்.

திரும்பும்போது வேனில் இடம் இல்லை. ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு வந்தார்கள். வசந்தா பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தபோதெல்லாம், தன் கல்யாண வாழ்க்கையில் சந்தோஷமான காலம் என்று ஒன்று இருந்தால் அது இந்தத் தையும் மாசியும்தான் என்று தோன்றும்.

பங்குனி பிறந்ததும் தாயம்மாள் அடிக்கடி மோர் கேட்டாள். நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்றாள். புளியைக் குறைத்தாள் வசந்தா. மார்க்கெட்டுக்குப் போனவள் பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தாள். வெயில் என்றார்கள். உதடு வெளுத்துப்போயிருப்பதை வசந்தா கவனித்தாள். ரத்தம் ஊறட்டும் என்று பீட்ரூட்டும் முருங்கைக்கீரையுமாகச் சமைத்துப் போட்டாள். கீரையை ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்து, அதன்மேல் அந்தச் சிவப்பு மாத்திரையையும் கொடுத்தாள். வெளிக்குப் போவது தார் மாதிரி கறுப்பாக இருக்கிறது என்பதைத் தாயம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று கூச்சம். கீரை தின்பதால் இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

ஒரு காலை, உத்தமன் கிளம்பிப்போன கொஞ்ச நேரத்தில், பின்பக்கம் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு தாயம்மாள் வாந்தியெடுத்தாள். முதலில் காப்பித்தூளைக் கரைத்த மாதிரி வந்தது. அப்புறம் சிவப்பாகவே வந்தது. வசந்தா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பார்வதம் ஓடி வந்து ஆட்டோ பிடித்தாள். யாரோ ஃபாக்டரி கேட்டுக்கு ஓடினார்கள். பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை வசந்தாவின் மடியில்தான் தாயம்மாளின் தலை இருந்தது. கை சில்லிட்டு, வியர்த்துக்கொண்டே இருந்தது.

அங்கே ஒரு இளம் லேடி டாக்டர். இமையைத் தாழ்த்திப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். வெள்ளை மாத்திரையைப் பற்றி வசந்தா சொன்னாள்.

"வேற? வலிக்கு ஏதாவது?"

வசந்தா வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"முட்டி வலிக்கு நானே கடையில வாங்கிப் போட்டுகினேன் டாக்டரம்மா. ஊட்ல யாருக்கும் தெரியாது."

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஆனாலும் கண் வசந்தாவைப் பார்த்து, நீ சும்மா இரு என்றது. டாக்டர் ஏதோ கண்டுபிடித்துவிட்டாள் என்று தாயம்மாளுக்குத் தெரிந்திருந்தது. பழி யார்மேல் வந்து விழும் என்பதும் தெரிந்திருந்தது. ஒருமுறை அப்படி ஒரு பழியைத் தூக்கி வசந்தாவின் தலையில் போட்டவள் அவள்தானே.

"இல்லம்மா" என்றாள் வசந்தா. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். "நான்தான் குடுத்தேன். என்னோட மாத்திரை. தெனம் ரெண்டு."

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று வசந்தாவுக்குத் தோன்றியது. வெளியே அழைத்துப்போய் நிதானமாகவே சொன்னாள்.

"அந்த வெள்ளை மாத்திரை மூளைக்குப் போற ரத்தம் கட்டிக்காம பார்த்துக்கும். ஆனா எங்கயாவது புண்ணு வந்து ரத்தம் கசிஞ்சா, அங்கயும் கட்ட விடாது. இந்த வலி மாத்திரை வயித்துல புண்ணாக்கும். வெள்ளை மாத்திரையும் கொஞ்சம் ஆக்கும். ரெண்டும் சேர்ந்து உள்ள போனா, புண்ணும் வரும், வந்த ரத்தம் நிக்கவும் நிக்காது. வயசானவங்களுக்கு ரொம்ப ஆபத்து. ரெண்டும் எழுதின டாக்டர் வேற வேறயா?"

"ஆமாம்மா. இது எனக்கு எழுதினது."

"ஒருத்தருக்கு எழுதினத இன்னொருத்தருக்குக் குடுக்கலாமா?"

"நான் சாப்ட்டுட்டுப் போடச் சொன்னேன்மா" என்றாள் வசந்தா. "வெறும் வயித்துல குடுக்கவே இல்ல."

டாக்டர் அவள் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். சுவரோரமாக நின்றிருந்த உத்தமன் எல்லாவற்றையும் கேட்டார். அவருடைய காக்கிச் சட்டையில் வெல்டிங் பொறி பட்ட ஓட்டைகள் இருந்தன. வசந்தா அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரத்தம் வேண்டும் என்றார்கள். உத்தமன் கொடுத்தார். மத்தியானம் ஃபாக்டரியில் அவரோடு வெல்டிங் அடிக்கிற கஜபதி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஷிஃப்ட் முடிந்து குளிக்காமல்கூட வந்தவர்கள். "அக்கா கையில எத்தினி தபா சோறு துண்ணுகீறோம், எவ்ளோ வோணாலும் எடுத்துக்குங்க" என்று சட்டையை மடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். பாட்டில் பாட்டிலாக ஏறியது. மறுநாள் தாயம்மாளின் முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியது. பேசினாள். வசந்தா சிக்கெடுத்துத் தலை பின்னிவிட்டாள்.

"ஏன் அண்ணி பொய் சொன்னீங்க?"

"உன்ன ஒரு சொல்லு சொன்னதே ஆயுசுக்கும் போதும்டி."

"உங்கள நானே..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதாள்.

"அயுவாத. கேளு. அந்த மாத்திரையிலதான் நான் நடந்தேன். கோயிலுக்கு வந்தேன். உன்கூடப் பேசுனேன். கட்டில்ல கெடந்துகினு இன்னும் பத்து வருசம் ஜன்னலாண்ட பேசினு இருந்திருந்தா இன்னாத்துக்கு ஆவும்?"

"இருந்திருக்கலாம் அண்ணி. பேசாமயே இருந்திருக்கலாம்."

தாயம்மாள் சிரித்தாள். அவள் சிரித்ததை வசந்தா பார்த்தது அதுதான் கடைசி. அன்று சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் புண் மறுபடி திறந்துகொண்டது. டாக்டர்கள் ஓடி வந்தார்கள், குழாயைப் போட்டார்கள், ரத்தத்தை இரண்டு கையிலும் ஏற்றினார்கள். ஏற்றியது நிற்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

கொரட்டூரில்தான் எடுத்தார்கள். சொந்தக்காரக் கிழவி பொன்னியம்மா, பந்தலுக்கடியில் எல்லோர் காதிலும் விழும்படி, பழைய வார்த்தையை மறுபடி எடுத்தாள். "வந்தா மகராசி, புள்ளய அனுப்பிச்சா, இப்ப பெத்தவ மாதிரி வளத்தவளயும் மருந்து குடுத்து அனுப்பிச்சுட்டா."

உத்தமன் பாடையருகிலிருந்து எழுந்து வந்தார். "சின்னம்மா, எங்க அக்காவக் குளிப்பாட்டுனது இவ. சோறு ஊட்டுனது இவ. நடக்க வச்சது இவ. காலையில வெள்ளை மாத்திரை கரைச்சுக் குடுத்தது நானு. யாரு குடுத்த மாத்திரைன்னு பிரிச்சு எடுக்க முடியுமா உன்னால? முடிஞ்சா சொல்லு. இல்ல, எய்ந்து போ." பொன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஊர் வாயை அடைத்த மனுஷன் வீட்டுக்கு வந்ததும் பேச்சை விட்டுவிட்டார். கோபம் இல்லை. சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். இத்தனை வருஷம் இரண்டு பெண்களுக்கு நடுவில் வார்த்தையைச் சுமந்துகொண்டு திரிந்தவருக்கு, சுமக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. சாயங்காலம் டீயோடு பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லுக்கருகில் நிற்பார். வசந்தா உள்ளேயிருந்து பார்ப்பாள். போய்ப் பக்கத்தில் நிற்கத் தைரியம் வராது. பயம் என்று தாயம்மாள் சொன்னது என்ன என்பது அவளுக்கு இப்போது புரிந்தது.

வீட்டிலிருந்த மாத்திரைகளையெல்லாம் சாக்கடையில் கொட்டினாள். இடுப்பு வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பார்வதம் ஒருநாள் தலைவலிக்கு மாத்திரை இருக்கிறதா என்று கேட்டு வந்தபோது கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்ட கேக்காதக்கா. டாக்டர்கிட்ட போ. என்னென்ன சாப்புடறன்னு எல்லாத்தயும் சொல்லு" என்று அழுதாள். பார்வதம் தலைவலியை மறந்து அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் உத்தமனுக்குக் காய்ச்சல் வந்தது. வசந்தா பிடிவாதமாக ரிக்‌ஷாவில் உட்காரவைத்து டாக்டரிடம் கூட்டிப்போய், வேறு எந்த மருந்தும் சாப்பிடுவதில்லை என்று இரண்டு தடவை சொல்லி, மாத்திரை வாங்கி வந்தாள். கஞ்சி கொடுத்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மாத்திரையைக் கையில் எடுத்தவளுக்கு, கை அவரிடம் போகவில்லை. அப்படியே நின்றாள்.

"குடு வசந்தா" என்றார் உத்தமன்.

அவள் தலையை ஆட்டினாள். முடியவில்லை.

"டாக்டர் எனக்கு எழுதினதுதானே. குடு."

"நீங்களே எடுத்துக்குங்க" என்று உள்ளங்கையை விரித்தாள். உத்தமன் எழுந்து உட்கார்ந்தார். அவள் உள்ளங்கையிலிருந்த மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, விரித்தபடியே நின்றிருந்த அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"உன்மேல எனக்கு இன்னா கோவம்? அக்கா ஞாபகம் வந்தா பேச்சு வரமாட்டேங்குது. உன்னப் பாத்தா அக்கா ஞாபகம் வருது. அவ்ளோதான்."

"எனக்கும் அப்படித்தாங்க. உங்களப் பாத்தா" என்றாள் வசந்தா.

வெளியே மழை விடவில்லை. அன்றைக்குத்தான் அவர்கள் இரண்டு பேரும் தாயம்மாளைப் பற்றிப் பேசினார்கள். ஐ.டி.ஐ.யில் சேர்க்கும்போது யாரோடு சண்டை போட்டாள், பரந்தாமனைத் தூக்கிவைத்துக்கொண்டு எப்படிக் கத்திப் பாடுவாள், கோயில் குளத்தண்டை தேங்காயைக் கடிக்க முடியாமல் எப்படி முழித்தாள் என்றெல்லாம். இடையில் உத்தமன் அழுதார். காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்த அந்த நெற்றியில் வசந்தா ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தாள். மாத்திரை மட்டும் அவள் அதற்குப் பிறகும் யாருக்கும் தன் கையால் எடுத்துக் கொடுத்ததில்லை.